சேற்றின் எடை

அந்த மின்சார அலுவலகத்தில் அவரை ஆமைக்காரர் என்றால்தான் தெரியும். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் குடியிருந்தது. யாராவது அதைச் சொல்லிக் கூப்பிட்டால், வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவரும் சேர்ந்து திரும்பிப் பார்ப்பார்.

ஆமை என்பது அவர் ஓட்டிய வண்டி. எட்டு குண்டுச் சக்கரங்கள், மேலே தொட்டி மாதிரி ஓர் உடம்பு, கூரை கிடையாது. தரையில் ஓடும், சேற்றில் ஊரும், தண்ணீரில் இறக்கினால் மிதக்கும். மிதக்கும்போது அதே சக்கரங்கள் சுழன்று துடுப்பு வேலையையும் பார்த்துக்கொள்ளும். வேகத்தைப் பற்றி மட்டும் கேட்கக் கூடாது. தண்ணீரில் அது போகிற வேகத்துக்குக் கரையில் நடக்கிறவன் முந்திவிடுவான். ஆனால் நடப்பதற்கு அங்கே கரை ஏது? ஊருக்கு வரும் மின்கம்பிகள் நாற்பத்தொரு கோபுரங்களின் தோளேறி ஒரு சதுப்பைக் கடந்து வந்தன. நாணலும் சேறும், இடையிடையே ஆள் மூழ்கும் ஓடைகளுமாகக் கிடந்தது அந்தச் சதுப்பு. படகு விட்டால் தரை தட்டும், லாரி விட்டால் புதையும், மனிதன் இறங்கினால் இடுப்பளவு போய் அங்கேயே நின்று யோசிப்பான். ஆமை ஒன்றுதான் வழி. கம்பி வேலைக்காரர்கள் நாலு பேரையும், அவர்களுடைய கயிறு, கம்பியைத் தாங்கும் பீங்கான் வட்டுகள், கருவிப் பெட்டி எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு இருபத்திரண்டு வருஷமாக அவர் போய் வந்துகொண்டிருந்தார்.

வண்டிக்கு ஸ்டியரிங் கிடையாது. டிரைவரின் இரண்டு பக்கமும் நெஞ்சுயரத்துக்கு இரண்டு இரும்பு லீவர்கள். இடதை இழுத்தால் இடப்பக்கச் சக்கரங்கள் நிற்கும், வண்டி இடப்பக்கம் திரும்பும். வலதை இழுத்தால் வலப்பக்கம். கேட்கச் சுலபமாகத்தான் இருக்கும். சேறு சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்று நிற்கும்போது இழுத்துப் பார்க்க வேண்டும். பெற்ற தாய் நினைவுக்கு வருவாள்.

இந்த மனிதருக்கு ஒரு பைத்தியம் உண்டு. எடைப் பைத்தியம். பல வருஷங்களுக்கு முன்னால் ஒரு நாள், பக்கத்து சிமெண்ட் கிடங்கில் லாரிகளை நிறுத்தி எடை போடும் மேடையில் ஆமையை ஆட்களோடு ஏற்றி நிறுத்தினார். காலையில் கிளம்பும்போது ஒரு தடவை, சாயங்காலம் திரும்பியதும் ஒரு தடவை. சாயங்காலம் ஒரு முழு ஆளின் எடை கூடியிருந்தது. கூடுதலாக யாரும் ஏறவில்லை. நனைந்த கயிறு, பூட்ஸுக்குள் புகுந்த தண்ணீர், ஆளாளுக்கு அப்பிக்கொண்டு வந்த சேறு, எல்லாம் சேர்ந்ததுதான் அந்த ஐந்தாவது ஆள். அன்றைக்கே வண்டிக் கிடங்கின் சுவரில் சாக்கட்டியால் எழுதினார்: 'போகும்போது நாலு பேர், வரும்போது அஞ்சு பேர்.' வருஷா வருஷம் வெள்ளையடிக்கிறவர் அதை அழிப்பார். மறுநாள் இவர் மறுபடி எழுதுவார். எந்த வண்டியின் விளம்பரத் தாளில் 'இத்தனை கிலோ தாங்கும்' என்று போட்டிருந்தாலும், காய்ந்த கிலோவா நனைந்த கிலோவா என்று கேட்காமல் விடமாட்டார். அலுவலகத்தில் அவருக்குப் பின்னால் சிரிப்பார்கள். ஆனால் இருபத்திரண்டு வருஷத்தில் ஆமை ஒரு தடவைகூட முழுகவில்லை என்பதை யாரும் எண்ணிப் பார்க்கவில்லை.

இவ்வளவு கறாரான மனிதர் இரண்டு வருஷமாக ஒரு விஷயத்தை மறைத்துக்கொண்டிருந்தார். அவருடைய வலது தோள் கெட்டுவிட்டது. கை நெஞ்சுக்கு மேலே எழும்பாது. எதையாவது பலமாக இழுத்தால் தோளுக்குள் யாரோ ஆணி அடிப்பதுபோல இருக்கும். ஊரின் மறுகோடியில் இருந்த ஒரு டாக்டரிடம் திருட்டுத்தனமாகப் போய்க் காட்டினார். டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, இந்தக் கையால் இனிமேல் எதையும் இழுக்கக் கூடாது என்றார். இழுப்பதுதான் தன் தொழில் என்று இவர் சொல்லவில்லை.

அலுவலகத்துக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்பது அவருக்கு மனப்பாடம். ஓட்டத் தகுதியில்லை என்று எழுதி, கிடங்கின் பின்பக்கம் கம்பிவலை ஜன்னலுக்கு உள்ளே இருக்கும் நாற்காலியில் உட்காரவைப்பார்கள். கேட்கிறவனுக்குத் திருகாணி எடுத்துக் கொடுத்துவிட்டு, சீட்டில் கையெழுத்து வாங்க வேண்டும். அந்த நாற்காலியில் இருந்தவர் ஓய்வு பெற்று ஆறு மாதம் ஆகிறது. பேச்சுத் துணை இல்லாமல் கடைசிக் காலத்தில் மின்விசிறியிடம் பேசிக்கொண்டிருந்தார் என்று கேள்வி. இப்போது அந்த நாற்காலி காலியாகத்தான் கிடந்தது. அதைக் கடந்து போகும்போதெல்லாம் ஆமைக்காரர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு போவார். இன்னும் நாலு வருஷம். பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டிவிட்டால் சதுப்பிலிருந்தே நேராக வீட்டுக்குப் போய்விடலாம்.

தெரிந்த ஒரே ஆள் அவர் மனைவி. முன்னறையில் தையல் மெஷினைப் போட்டு அக்கம்பக்கத்துக்குத் துணி தைக்கிற அந்த அம்மாள், கணவருடைய சீருடைச் சட்டைக்கு அளவெடுத்தபோதே கண்டுபிடித்துவிட்டாள். வலது தோள் முக்கால் அங்குலம் இறங்கியிருந்தது. "நீங்க பொய் சொல்லலாம், என் டேப்பு சொல்லாது" என்றாள். அப்புறம் பேசாமல் சட்டையின் அக்குளை அகலமாக வெட்டி, பொத்தானை எடுத்துவிட்டு அமுக்கினால் ஒட்டுகிற பொத்தானாக வைத்துக் கொடுத்தாள். வெளியில் பார்த்தால் வித்தியாசமே தெரியாது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாயிற்று என்று இவரும் நிம்மதியாக இருந்தார்.

ஒரு மழைக்காலத்தின் முடிவில் ஆமையின் அடிவயிறு கீறல் விட்டது. ஏற்கெனவே ஒட்டுமேல் ஒட்டு. இனி ஒட்ட இடமில்லை என்று வெல்டிங்காரர் கையை விரித்தார். பிரிவு இன்ஜினீயர் ஒரு பெண். வந்து எட்டு மாதம்தான் ஆகிறது. அவர் தலைமை அலுவலகத்தோடு மல்லுக்கட்டிப் புது வண்டிக்கு அனுமதி வாங்கினார். இரண்டு கம்பெனிகள் ஆளுக்கொரு வண்டியை அனுப்பி ஓட்டிப் பார்க்கச் சொல்லும். ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

"எனக்கு இதுல ஒண்ணும் தெரியாதுண்ணே. நீங்க ஓட்டிப் பாத்து எதைச் சொல்றீங்களோ, அதை அப்படியே எழுதி அனுப்பிடுறேன்" என்றார் இன்ஜினீயர்.

அன்றிலிருந்து அலுவலகத்தில் வேறு பேச்சே இல்லை. இரண்டு கம்பெனிப் பெயர்களும் வாயில் நுழையவில்லை. அதனால் விளம்பரத் தாளில் இருந்த நிறத்தை வைத்து மஞ்சள், பச்சை என்றார்கள். சதுப்பில் கால் வைக்காதவர்கள்தான் அதிகம் பேசினார்கள். கணக்கு எழுதுகிறவர் மஞ்சள் கட்சி. ஏன் என்றால் அதில் டீ டம்ளர் வைக்கக் குழி இருந்தது. தட்டச்சு செய்கிற அம்மாவுக்கு மஞ்சள் சேற்றில் கெட்டுப்போகும் என்று பச்சை. கம்பி வேலைக்காரர்கள் மட்டும் அண்ணன் சொன்னால் சரி என்று சும்மா இருந்தார்கள்.

அந்த நாலு பேரில் ஒருவனைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். ஆள் நெடுநெடு என்று இருப்பான்; ஒட்டடைக்குச்சி என்று ஆரம்பித்த பட்டப்பெயர் நாளடைவில் ஒட்டடை என்று சுருங்கிவிட்டது. அறுபதடி கோபுரத்தின் உச்சியில் ஒரு காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்து பாட்டுப் பாடுவான். ஆனால் தண்ணீர் என்றால் குலைநடுக்கம். நீச்சல் தெரியாது. எல்லோரும் ஒரு மிதவைச் சட்டை போட்டால் இவன் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு போடுவான். வண்டியில் டிரைவருக்கு வலப்பக்கம்தான் உட்காருவான். ஓடையில் இறங்கியதும் பயத்தில் கைக்குக் கிடைத்ததைப் பிடித்துக்கொள்வான். பெரும்பாலும் வலது லீவரையே பிடிப்பான். பிடிக்க வேற இடம் கிடைக்கலையாடா என்று ஆமைக்காரர் எத்தனையோ தடவை திட்டியிருக்கிறார். அவன் இளிப்பான், கையை எடுக்க மாட்டான்.

மஞ்சள் செவ்வாய்க்கிழமை வந்தது. கூடவே இஸ்திரி கலையாத சட்டையோடு ஒரு விற்பனைக்காரர் வந்தார். வண்டியைக் குறை சொல்லக் கூடாது. மெத்தென்ற இருக்கை, சத்தமில்லாத இன்ஜின். லீவர் இல்லை, மோட்டார் சைக்கிள் மாதிரி ஹேண்டில்பார். இரண்டு விரலால் தள்ளினால் திரும்பிவிடும் என்றார் விற்பனைக்காரர். ஆமைக்காரர் நம்பவில்லை. கிடங்குக்குப் பின்னால், மண் எடுத்த பள்ளத்தில் தண்ணீர் தேங்கிய குளம் ஒன்று உண்டு. விற்பனைக்காரரையும் கணக்கரையும் ஏற்றிக்கொண்டு அதில் இறக்கினார். இடது கையால் தள்ளிப் பார்த்தார். வண்டி சொன்ன பேச்சு கேட்டது. வலது கை ஒரு வேலையும் இல்லாமல் மடியில் கிடந்தது. இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக வலி இல்லாமல் ஒரு வளைவு திரும்பினார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. வெயில் கண்ணில் அடிக்கிறது என்று சொல்லிச் சமாளித்தார்.

கரைக்கு வரும்போது பழக்கதோஷத்தில் விளிம்பை எட்டிப் பார்த்தார். மூன்றே பேர், காய்ந்த ஆட்கள், சாமான் எதுவும் இல்லை. அப்போதே விளிம்புக்குக் கீழே ஆறு விரல்தான் மிச்சம் இருந்தது. தலைக்குள் கணக்கு தானாக ஓடத் தொடங்கியது. ஐந்து பேர், கயிறு, பெட்டி, அப்புறம் அந்தச் சேற்று ஆள். அவர் கணக்கைப் பாதியிலேயே நிறுத்திவிட்டார். கிடங்கைக் கடக்கும்போது சுவர்ப்பக்கம் பார்க்கவும் இல்லை. இருபத்திரண்டு வருஷம் மற்றவர்களை அரித்தெடுத்தவர் அன்றைக்கு ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அவரைக் கேட்க ஆளும் இல்லை.

சாயங்காலம் வீட்டில் மஞ்சளின் புகழைப் பாடினார். மனைவி மெஷினை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். சிரிச்சுப் பேசி எவ்வளவு நாளாச்சு என்றாள். பிறகு நூலைக் கடித்து அறுத்துக்கொண்டே, "ஒட்டடையோட சம்சாரம் ரவிக்கை வாங்க வந்தா. புது வண்டி முழுகாதில்லக்கான்னு கேட்டா. என்ன சொல்லட்டும்?" என்றாள்.

"சீட்டு நல்ல மெத்தையா இருக்குன்னு சொல்லு" என்றார் ஆமைக்காரர்.

அவள் ஒரு நிமிஷம் அவரைப் பார்த்தாள். கேட்டது ஒன்று, பதில் ஒன்று என்று இரண்டு பேருக்கும் தெரியும். அவள் மறுபடி மெஷினை மிதித்தாள்.

வியாழக்கிழமை பச்சை வந்தது. அதோடு வந்த விற்பனைக்காரருக்கு ஜலதோஷம். வண்டியின் பெருமையை நாலு வார்த்தை சொல்வதற்குள் எட்டு தும்மல் போட்டார். வண்டியும் அப்படித்தான் இருந்தது. பலகை மாதிரி இருக்கை, காது கிழியும் சத்தம். பழைய ஆமைபோலவே இரண்டு லீவர்கள், அதைவிட ஒரு சுற்று விறைப்பு. விளிம்பு மட்டும் நல்ல உயரம். ஆமைக்காரருக்கு அதைப் பார்த்ததும் பிடிக்கவில்லை. அந்த உயர விளிம்புதான் பிடிக்கவில்லை என்பதை அவர் தனக்கே ஒப்புக்கொள்ளவில்லை.

பச்சையைக் கவிழ்க்க அவருக்கு ஒரே வழிதான் தெரிந்தது. குளத்தில் விட்டுப் பார்த்தால் போதாது, சதுப்புக்கே கொண்டுபோக வேண்டும் என்றார். நாலு பேரையும் ஏற்றினார். ஒரு சாமான் விடாமல் ஏற்றினார். ஒன்பதாம் கோபுரத்தடியில் எல்லோரையும் முழங்கால் சேற்றில் இறக்கி ஒரு மணி நேரம் வேலை வாங்கினார். ஐந்தாவது ஆளோடு திரும்பட்டும், அப்போது தெரியும் இதன் லட்சணம் என்று மனசுக்குள் கறுவிக்கொண்டார். பார்த்தவர்களுக்கு அவருடைய கடமை உணர்ச்சிதான் தெரிந்தது. மஞ்சளுக்கு ஏன் இந்தப் பரீட்சை இல்லை என்று ஒருவரும் கேட்கவில்லை. அண்ணன் செய்தால் காரணம் இருக்கும் என்று நினைத்தார்கள்.

திரும்பும் வழியில் ஓடை. நடுவில் வலப்பக்கம் சட்டென்று திரும்ப வேண்டிய ஓர் இடம். நீரோட்டம் எதிரே தள்ளும். அவர் வலது லீவரை இழுத்தார். தோளில் அந்த ஆணி இறங்கியது. கை மரத்துப்போய்ப் பிடி தளர்ந்தது. வண்டி நீரோட்டத்தோடு சாயத் தொடங்கியது.

பச்சையில் பக்கத்து ஆள் பிடித்துக்கொள்வதற்கென்றே முன்னால் தடிமனான ஒரு கைப்பிடிக் கம்பி இருந்தது. ஒட்டடையின் கை அதைத் தொடவில்லை. பின்னால் இருந்தவனோடு ஏதோ பேசிக்கொண்டே, திரும்பிக்கூடப் பார்க்காமல், இடது கையை நீட்டி வலது லீவரைப் பிடித்து இழுத்தான். எவ்வளவு இழுக்க வேண்டுமோ அவ்வளவு. வண்டி அழகாகத் திரும்பியது. அடுத்தது இடப்பக்கத் திருப்பம். அவன் கை லீவரை விட்டுவிட்டது. அதற்கடுத்த வலது திருப்பத்தில் மறுபடி வந்தது.

ஆமைக்காரர் நடு ஓடையில் வண்டியை மிதக்கவிட்டார். இன்ஜின் சத்தம் தணிந்தது.

"எத்தனை நாளாடா?" என்று கேட்டார்.

"எதுண்ணே?"

"இந்தக் கை."

ஒட்டடை, எப்போதும் பார்க்காத தண்ணீரைப் பார்த்தான். "ரெண்டு வருஷம் இருக்கும். பதினாலாம் டவர்கிட்ட ஒரு நாள் பல்லைக் கடிச்சீங்களே, அன்னையிலேருந்து."

"மத்தவங்களுக்கு?"

"எல்லாருக்கும் தெரியும். நீங்க சொல்லலை, நாங்களும் கேக்கலை. அவ்வளவுதாண்ணே."

தன் கையே தனக்கு உதவி என்று இரண்டு வருஷமாக நெஞ்சு நிமிர்த்தியவருக்கு, உதவிய கை யாருடையது என்று அன்றுதான் தெரிந்தது. கூடவே இன்னொன்றும் உறைத்தது. தண்ணீரைக் கண்டு நடுங்குகிற இந்த மனுஷன், பிடித்துக்கொள்ள வேண்டிய நேரத்திலெல்லாம் தனக்கொரு பிடிமானம் தேடாமல் இவருடைய லீவரைப் பிடித்திருக்கிறான். அவனைத்தான் ஆறு விரல் விளிம்புள்ள தொட்டியில் உட்காரவைக்க நினைத்தோம் என்று அவருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. இன்ஜினை மறுபடி முடுக்கி, வண்டியைக் கரைப்பக்கம் விட்டார்.

கரையோரம், மிதக்கிற ஆழத்திலேயே பச்சையை நிறுத்திவிட்டு இறங்கி அளந்தார். ஐந்தாவது ஆளையும் சுமந்துகொண்டு, விளிம்புக்கும் தண்ணீருக்கும் நடுவே நாலு விரல் இடம் வைத்திருந்தது பச்சை.

"மஞ்சளைக் கொண்டாங்க" என்றார்.

முடிவு தெரியும்வரை வண்டியோடு ஊரிலேயே தங்கியிருந்த மஞ்சள் விற்பனைக்காரர் திகைத்துப்போனார். மெத்தை பாழாகிவிடும் என்றார். இன்ஜினீயர் அம்மா இவர் முகத்தைப் பார்த்துவிட்டு, நடக்கட்டும் என்றார். ஆட்களுக்குப் பதிலாக மணல் மூட்டை, அதே சாமான்கள், மேலே இரண்டு மூட்டை சேறு. எடைமேடையில் ஏற்றிச் சுமையைப் பச்சையோடு சரிபார்த்தார்கள். ஒட்டடை வழக்கம்போல வலப்பக்கம் ஏறப் போனான். அவர் அவனை இறக்கிவிட்டுத் தனியாகக் குளத்தில் இறங்கினார். நேராகப் போகும்வரை ஒன்றும் ஆகவில்லை. நடுவில் இடது கையால் மெதுவாகத்தான் திருப்பினார். வண்டி ஒரு பக்கம் சாய, விளிம்பின் மேலே தண்ணீர் துணி விரித்ததுபோல உள்ளே வந்தது. உள்ளிருக்கும் மோட்டார் இறைத்துப் பார்த்துத் தோற்றது. மூட்டைகளை ஒவ்வொன்றாக இடது கையால் உருட்டித் தள்ளி, இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்தபடியே கரைக்கு ஓட்டி வந்தார்.

விற்பனைக்காரர் தலையில் கைவைத்து நின்றார். "உங்க தாள்ல போட்டது பொய் இல்லைங்க. காய்ஞ்ச இடத்துக்கு இது ராஜா. எங்க வேலைக்கு ஆகாது" என்று அவரிடம் சமாதானம் சொல்லிவிட்டு, ஆமைக்காரர் இன்ஜினீயரிடம் போனார்.

"அப்ப பச்சைதானேண்ணே? லீவர் கஷ்டமா இருக்காதே உங்களுக்கு?"

சட்டையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கம்பி வேலைக்காரர்கள் நாலு பேரும் தரையைப் பார்த்தார்கள். ஆமைக்காரர் வலது கையைத் தூக்கிக் காட்டினார். அது நெஞ்சுவரை வந்து நின்றுவிட்டது.

"இதுக்கு மேல போகாது மேடம். ரெண்டு வருஷமாச்சு. மறைச்சது என் தப்பு. மஞ்சளைச் சொல்லியிருந்தா இன்னும் நாலு வருஷம் ஓட்டிக்கிட்டு இருந்திருப்பேன்."

இன்ஜினீயர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இதை நான் எழுதித்தான் ஆகணும்ணே" என்றார்.

"எழுதுங்க. கூடவே ஒட்டடை ஓட்டட்டும்னும் எழுதுங்க. ரெண்டு வருஷமா பாதி வண்டிய அவன்தான் ஓட்டியிருக்கான். தண்ணிக்குப் பயந்தவன் கூடுதலா ஒரு கிலோ ஏத்த மாட்டான்."

வீட்டுக்குப் போய்ச் சொன்னபோது மனைவி ஈரச் சட்டையைக் கழற்றுவதற்குக் கை கொடுத்தாள். அன்றைக்கு அவர் அழுதார். வெயிலைச் சாக்குச் சொல்லவில்லை.

இரண்டு மாதம் கழித்து அலுவலகத்துக்குச் சொந்தமாகப் பச்சை வந்து சேர்ந்தது. அதற்குள் அவர் கம்பிவலை ஜன்னலுக்குள் போய்விட்டிருந்தார். நாற்காலி அவர் நினைத்த அளவுக்கு மோசமில்லை. ரொம்ப நல்லதாகவும் இல்லை. காலையில் பச்சை கிளம்பும் சத்தம் கேட்டபோது, திருகாணி வாங்க வந்தவனிடம் எட்டுக்குப் பதில் பதினெட்டு கொடுத்துவிட்டார்.

சாயங்காலம் இன்ஜின் சத்தம் திரும்பி வந்தது. அவர் ஜன்னலைச் சாத்திவிட்டுச் சரிவுப் பாதையில் இறங்கிப் போனார். இரண்டு மிதவைச் சட்டையோடு டிரைவர் இருக்கையில் நெடுநெடு என்று உட்கார்ந்திருந்த ஒட்டடை, வண்டியைத் தரை தட்டவிடாமல் மிதக்கிற ஆழத்திலேயே நிறுத்திக் காத்திருந்தான். உள்ளே எல்லோரும் தலை முதல் கால்வரை சேறு. ஆமைக்காரர் முழங்கால்வரை தண்ணீரில் இறங்கினார். குனிந்து, வலது கையை வண்டியின் விளிம்போரமாகத் தொங்கவிட்டார். கீழே போவதற்கு அந்தக் கைக்கு ஒரு தடையும் இல்லை.

"எத்தனைண்ணே?" என்று கேட்டான் ஒட்டடை.

அவர் விரல்களைத் தண்ணீரோடு சேர்த்து அளந்தார். "நாலு. வண்டிய மேலே ஏத்து" என்றார்.